வீடு புள்ளைக்கு, பெட்டி சித்தப்பாவுக்கு

சிறுவர் நாவல் எழுதப்போறாய் எண்டு கேள்விப்பட்டன் புள்ள. பதினொரு வயசுப் பெட்டை, பள்ளிக்கூட லீவு, நுவரெலியாக் குளிரில கேம்ப், அங்க ஒரு கூட்டாளி, அம்மா மறுகா முடிச்சு, வீட்டில புதுசா வந்து குந்தியிரிக்கிற சித்தப்பா. நல்லது. மட்டக்களப்பு அமிர்தகழியில பொறந்துபோட்டு நுவரெலியாக்குப் புள்ளைய அனுப்புறாய் எண்டால், ஸ்வெட்டருக்குக் காசு நீதான் குடுக்கணும்.

லீவு முகாமில ரெட்டைப் புள்ளையள் சந்திக்கிற கதைய எரிக் கெஸ்ட்னர் எண்ட ஜேர்மன்காரர் 1949இலயே எழுதி முடிச்சிட்டார். ஒருத்தி வியன்னா, ஒருத்தி மியூனிக். ஆள் மாறி வீட்டுக்குப் போய், பிரிஞ்ச தாய் தகப்பனைத் திருப்பிச் சேத்து வைச்சாளுகள். டிஸ்னிக்காரன் 1961இல அதைப் படமாக்கினான். 1965இல ஏவிஎம் 'குழந்தையும் தெய்வமும்' எண்டு எடுத்து, குட்டி பத்மினிக்கு ரெட்டை வேஷம் போட்டது. நானும் மூக்கைச் சிந்திச் சிந்திப் பாத்தவன்தான். ஆனா உனக்கு அந்த வழி சரிவராது. எங்கட பக்கத்தில ஒரு புள்ளட தகப்பனை யுத்தம் கொண்டு போயிருக்கும், இன்னொண்டிட தாயை 2004 மார்கழி 26 கடல் கொண்டு போயிருக்கும். எந்த ரெட்டைப் புள்ள போய் அவங்களக் கூட்டி வாறது? அதனால புதுசா வந்தவரை விரட்டாத, இரிக்க விடு. சொகுசா மட்டும் இரிக்க விடாத.

எப்பிடி எண்டு கேளு. சிண்ட்ரெல்லாட கதையில சித்தி வந்தவுடனே புள்ளைக்கு அடுப்படி மூலை. அது தகப்பன்ட வீடு, அதான். மட்டக்களப்பில வீடு வளவு பொம்புளைப் புள்ளைக்குச் சீதனம். கலியாணம் முடிச்ச ஆம்புளைதான் பெட்டியத் தூக்கிக்கொண்டு வருவான். குடி எண்டுற வம்சக்கணக்கும் தாய் வழிதான். அப்ப உன்ர சித்தப்பா ஆரு? அந்தப் பெட்டைட வீட்டுக்கு வந்த விருந்தாளி! சாரத்தை எந்தக் கொடியில காயப்போடுற எண்டு அவளிட்டக் கேக்கணும். கிணத்துக் கயிறு எந்த இடத்தில நைஞ்சு கிடக்கு எண்டு அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவள் வாய் திறக்காட்டி வாளி கிணத்துக்குள்ள. சொல்லுறாளா, விடுறாளா? இதுக்கு மேல ஒரு அத்தியாயத்துக்கு என்ன வேணும்? மறுகா ஒரு தம்பி பொறந்தாலும் அவனும் தாய்ட குடிதான். அரைத் தம்பி, முழுத் தம்பி எண்டு குடிக்கணக்கில இல்ல.

இதில கசப்பும் இரிக்கு, மறைக்காத. தாய் செத்து, தகப்பன் மறுகா முடிச்சால், அவர் பெட்டியோட வேற ஒருத்திட வீட்டுக்குப் போவார். புள்ளையள் கனபேர் அம்மம்மாட கையில. உன்ர சித்தப்பாவும் அப்பிடி ரெண்டு புள்ளைய எங்கயோ விட்டுப்போட்டு வந்திருப்பார். அது நம்மட பெட்டைக்கு எப்ப தெரியவருது எண்டதுதான் உன்ர கதைட முதுகெலும்பு.

கேம்ப்புக்கு மலையேறத் தேவையில்ல. 1996இல மட்டக்களப்பு டவுனிலயே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கினது. கனடா ஓவியர் போல் ஹோகனும் யேசுசபை போல் சற்குணநாயகம் பாதரும் சேந்து செய்த வேல. சண்டை நடக்கிற காலத்தில தமிழ் ஊர்ப் புள்ளையளையும் முஸ்லிம் ஊர்ப் புள்ளையளையும் பஸ்ஸில ஏத்தி வந்து, களிமண்ணைக் குடுத்து, சாயத்தைக் குடுத்து, கதை கட்ட விட்டாங்க. அப்பிடி ஒரு இடத்தில உன்ர பெட்டைய இறக்கு. பக்கத்தில காத்தான்குடி முஸ்லிம் புள்ள ஒண்டைக் குந்த வை. ஆனா தமிழரும் முஸ்லிமும் 'பிட்டும் தேங்காப்பூவும் போல' எண்டு ஆரும் பேசப்படாது, சொல்லிப்போட்டன்! அது மேடைக்காரங்கட சோறு.

புள்ளையளுக்கு வேற பேச்சு இரிக்கு. காத்தான்குடியிலயும் வீடு பொம்புளைப் புள்ளைக்குத்தான். "எங்கட வீட்டுக்கும் சாச்சா ஒராள் பெட்டியோட வந்திரிக்கார்" எண்டு அவள் களிமண்ணை உருட்டிக்கொண்டு சொல்லட்டும். "குறட்டை விடுவாரா?" எண்டு இவள் கேக்கட்டும். "வீடே ஆடும்" எண்டு அவள் சொல்ல, ரெண்டு பேரும் குறட்டை விடுற பொம்மை ஒண்டைச் செய்யட்டும். கூட்டாளித்தனம் அவ்வளவுதான் புள்ள. ஒரே வில்லங்கம் ரெண்டு வீட்டிலயும் இரிக்கோணும், கையில ஒரு வேல இரிக்கோணும், பெரியாக்கள் பத்தடி தள்ளி நிக்கோணும்.

முடிவைக் கெடுத்துப்போடாத. கடைசிப் பக்கத்தில அவள் கண்ணீரோட 'அப்பா' எண்டு ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சாள் எண்டு எழுதினாய் எண்டால், புத்தகத்தைக் கச்சான் சுத்தக் குடுத்திருவன். ஆடி அமாவாசை, மாமாங்கத் தீர்த்தம், சனம் நெரியுது எண்டு வை. சித்தப்பா கச்சான் வாங்க ஒரு சுருளுக்குக் காசை எடுக்கிறார். பெட்டை அவர்ர முகத்தைப் பாக்காமலே, "மூணு சுருள் வாங்குங்க, மத்த ரெண்டு புள்ளையளுக்கும் வேணும்தானே" எண்டுறாள். அவர் திகைச்சுப்போய்ச் சட்டைப்பையைத் தடவுறார். அதோட நிப்பாட்டு. காசு காணுமோ காணாதோ எண்டு வாசிக்கிற புள்ளையள் யோசிக்கட்டும். உனக்கும் ரெண்டாம் பாகத்துக்கு ஒரு சாட்டு வேணுமே.