ஆட்டுக் கழுத்துல ஒரு வில்லை

வா மாப்ளே, இப்படி வேம்பு நெழல்ல உக்காரு. மதுரையிலருந்து வீரசோழன் வரைக்கும் காரைப் போட்டு வந்து, காயலாங்கடைத் தகரம் ஒண்ணை ரெண்டாயிரம் குடுத்து வாங்கியிருக்க. வண்டி எங்கய்யான்னா வண்டி கிடையாதாம், நம்பர் பிளேட்டு மட்டுந்தானாம். தாலியை வாங்கிட்டுப் பொண்ணைத் தேடுற கதையாவுல்ல இருக்கு! கோவிச்சுக்காத, குடு பாப்போம்.

1962 அம்பாசிடர் பிளேட்டுன்னா வித்தவன் சொன்னான்? எழுதியிருக்கது டி.என். 67, நம்ம ஜில்லா நம்பர். நம்ம ஜில்லாவே 1985-லதான் ராமநாதபுரத்தை விட்டுப் பிரிஞ்சுச்சு, அதுவும் காமராசர் மாவட்டம்னு. டி.என்.னு போட்டு ஆபீசுக்கு ஒரு நம்பர் வச்சது 1989 ஜூலையிலருந்துதான். அதுக்கு முன்னாடி மதுரை வண்டின்னா எம்.டி.யூ.ன்னு மூணு எழுத்து நிக்கும். பொறக்காத பிள்ளைக்கு 27 வருசம் முன்னாலயே காது குத்திட்டாக மாப்ளே. குத்துன காது உன்னுது.

துருவைப் பாத்து மயங்கிட்டியாக்கும்? உப்புத்தண்ணி தெளிச்சுக் குப்பைக்குழியில நாலு வாரம் புதைச்சா, நானும் உனக்கு ஒரு தாத்தா காலத்துத் தகரம் எடுத்துத் தருவேன். ஓட்டையைப் பாரு. போல்ட்டு உக்காந்து அமுக்குன தடம் வட்டமா இருக்கணும்ல? இதுல எல்லா எடமும் ஒரே துரு. இது எந்த வண்டியிலயும் ஏறுனதே இல்ல.

நெசப் பழசு வேணும்னா பட்டணத்துக்குப் போ. ஐகோர்ட்டுக் கட்டுன நம்பெருமாள் செட்டியார் பிரெஞ்சு தேசத்துக் கார் வச்சிருந்தாரு, நம்பர் எம்.சி. 3. எம்.சி. 1 பிரான்சிஸ் ஸ்பிரிங்குங்கிற தொரையோடது. அந்தத் தகரம் கையில சிக்குச்சுன்னா எனக்கு ஒரு கடுதாசி போடு.

பேத்தி போனுல வாசிச்சுச் சொன்னா: 2021-லருந்து, அம்பது வருசம் தாண்டுன வண்டியைப் புதுசாப் பதிஞ்சா வி.ஏ.ன்னு தனி எழுத்தாம், கட்டணம் 20,000 ரூவாயாம். பழைய நம்பர் இருந்தா அதையே வச்சுக்கலாமாம். ஆனா நெனச்ச நேரமெல்லாம் ரோட்டுல ஓட்டக் கூடாதாம், கண்காட்சி அது இதுன்னாதான் எடுக்கணுமாம். உங்க அத்தை என்னைய அப்படித்தான வச்சிருக்கா? கல்யாணம், எழவுன்னா மட்டும் வெளிய எடுக்குறா.

நம்ம பயலுக பொழைக்கப் போன துபாயில, 2023-ல, பி 7-ங்கிற நம்பர் அஞ்சரைக் கோடி திர்ஹாமுக்கு ஏலம் போச்சாம். ஒத்த நம்பர்! நம்ம ஊர்க் கம்மாயில தண்ணி வர்ற வருசமே ஒத்த வருசம், அதை எவன் ஏலம் கேக்குறான்?

இந்தக் கரிசக்காட்டுல தேடுறதா இருந்தா சைக்கிள் வில்லையைத் தேடு. உனக்குத் தெரியாது. வருசா வருசம் சைக்கிளுக்கு வரி கட்டுனா பஞ்சாயத்துல, முனிசிபாலிட்டியில சின்னதாத் தகர வில்லை குடுப்பாக. மாட்டுவண்டியும் வரிக்குத் தப்பல. வில்லை இல்லாம அருப்புக்கோட்டைக்குள்ள நுழைஞ்சா, ரோட்டுல நின்னு பிடிச்சுக்குவாக. எதுக்க வர்றவன் கண்ணைச் சிமிட்டுனாப் போதும், நாங்க எறங்கி, கருவேலங்காட்டுக்குள்ள வண்டியைத் தள்ளிட்டுப் போயி அங்கிட்டு ஏறுவோம். முள்ளு குத்தி டியூப்பு ஒட்டுன காசுக்கு ரெண்டு வருச வரி கட்டியிருக்கலாம், அது வேற கதை. வருசம் முடிஞ்சா வில்லை செல்லாது, விட்டெறிஞ்சிருவோம். பாக்கியெல்லாம் பழைய இரும்போட பேரீச்சம்பழத்துக்குப் போயிருச்சு. அதான் இப்பக் கெடைக்க மாட்டேங்குது.

எங்கிட்ட ஒண்ணு இருக்கு. அந்தா, கெடா கழுத்துல தொங்குது பாரு, கண்ணு படாம இருக்கக் கட்டுனது. தனியா அவுத்துத் தர மாட்டேன் மாப்ளே, கெடாயோட சேத்துத்தான். சந்தைக்கு ஓட்டுனா பன்னெண்டாயிரம் போகும். உனக்குன்னா பதினெட்டு. கெடாயைக் காருல ஏத்த முடியாதுன்னா இங்கனயே விட்டுட்டுப் போ, நான் பாத்துக்கிறேன். வெலை மட்டும் அதே பதினெட்டுதான்.