அழுக்குக்கு இடம் ஒதுக்கவில்லை

முதியோர் இல்லம் கட்டக் கிளம்பியிருக்கும் புண்ணியவான்களே, உங்கள் பிளானைப் பார்த்தேன். பிரமாதம். வாசலில் பிள்ளையார், வரவேற்பறையில் நீரூற்று, யோகா மண்டபம், குட்டி தியேட்டர், எட்டு வடிவத்தில் நடைபாதை. சலவைக்கூடம் எங்கே என்று தேடினேன். மாடிப்படிக்கு அடியில், ஜெனரேட்டருக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவே, 6 அடிக்கு 8 அடி. ஒரு குழாய், ஒரு பிளக் பாயின்ட். “போதும் சார், வயசானவங்கதானே, சும்மா படுத்திருக்கவங்களுக்கு எங்க அழுக்காகப் போகுது?” என்கிறார் ஆர்க்கிடெக்ட்.

நியாயம்தான். படுத்தே கிடப்பவருக்கு வேர்க்காது, கஞ்சி சிந்தாது, பாத்ரூம் போவதற்குள் நழுவிவிடாது. பிரோஷரில் சிரிக்கிற தாத்தா பாட்டிகள் எல்லாம் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் அட்மிஷனுக்கு வரப்போகிறவர்கள் பிரோஷரிலிருந்து வரப்போவதில்லையே, அதுதான் சிக்கல்.

கணக்குப் போடுவோம். 60 கட்டில். அதில் 20 பேர் எழுந்திருக்க முடியாதவர்கள். ஆளுக்கு நாளைக்கு இரண்டு முறை மாற்றினால் விரிப்பு, குறுக்குத் துணி, உடுப்பு, துண்டு என்று 40 கிலோ. மற்ற 40 பேருக்கு அரை அரை கிலோ என்றாலும் 20. ஆக 60 கிலோ. நீங்கள் வாங்க உத்தேசித்திருப்பது வீட்டு உபயோகத்துக்கான 7 கிலோ மெஷின், தீபாவளி ஆஃபரில். வெந்நீரில் ஓட்டினால் ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம், ஒன்பது சுற்று. ராத்திரி முழுக்க ஓடினாலும் விடியும்போது அடுத்த மூட்டை காத்திருக்கும்.

ஓ, வெந்நீரே கிடையாதா? துணியில் கிருமி சாக 71 டிகிரியில் 3 நிமிடமாவது, 65 டிகிரியில் 10 நிமிடமாவது ஊற வேண்டும் என்று பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் விதி வைத்திருக்கிறார்கள். நம் ஊர் சலவைத் தொழிலாளி தெர்மாமீட்டர் இல்லாமலே வெள்ளாவி வைத்து அதைச் செய்துகொண்டிருந்தார். உங்கள் சோலார் ஹீட்டரின் குழாயோ டீலக்ஸ் அறை பாத்ரூமோடு நின்றுவிடுகிறது. துணிக்கு உப்புக் கரிக்கும் போர் தண்ணீர், அதில் நுரைக்காத சோப்பு. ஒருவருக்கு வந்த சிரங்கு மொத்த வார்டுக்கும் சமபந்தி போஜனம்போல் பரிமாறப்படும்.

காயப்போட? மொட்டைமாடியைப் ‘பார்ட்டி டெக்’ ஆக்கிவிட்டீர்கள். டிரையர் பட்ஜெட்டில் இல்லை. ஐப்பசி அடைமழையில் பிழிந்த ஈரத்தோடு விரிப்பு கட்டிலுக்குத் திரும்பும். முதுகில் புண் வரும். புண்ணுக்கு டிரஸ்ஸிங் தனி பில். ஆக, அந்த ஈரம் நஷ்டமல்ல, வருமானம்.

மெஷினைப் பெரிதாக்குவதைவிட மனிதரைச் சிறிதாக்குவது மலிவு என்பதும் உங்களுக்குத் தெரியும். மாலை 6 மணிக்கு மேல் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூடாது. டயப்பர் நிரம்பி வழியும்வரை மாற்றக்கூடாது. தலைமுடி தொந்தரவு, ஒட்ட வெட்டிவிடு. ஆறு கெஜம் புடவையை யார் துவைப்பது? எல்லோருக்கும் நைட்டி. வாழ்நாளெல்லாம் மடிப்புக் கலையாத கஞ்சி போட்ட புடவையில் பள்ளிக்கூடம் போன டீச்சரம்மா, பொத்தான் போன இடத்தில் ஊக்கு குத்திய யாருடைய நைட்டியிலோ உட்கார்ந்திருக்கிறார். அவர் கொண்டுவந்த நாலு புடவை எங்கே என்று கேட்டால், “பெரியம்மாவுக்கு மறதி” என்று பதில் வருகிறது. ரசீது, கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல், சேங்கொட்டைச் சாற்றில் ஒரு புள்ளி வைத்து ஊர்த் துணியை வீடு தவறாமல் சேர்த்தார்கள் அந்த நாளில். உங்களிடம் ஆப் இருக்கிறது, புடவைதான் இல்லை.

இன்னொருத்தியையும் பிளானில் காணோம், ஆயா. மலத்தை அலசித் தள்ள ஒரு தொட்டி, அழுக்கு நுழைய ஒரு வாசல், வெளுத்தது போக வேறு வாசல், கைக்கு உறை, இவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. தரவில்லை. குந்தி உட்கார்ந்து வெறுங்கையால் கழுவுகிறாள். அதே கையோடு போய்ச் சோறு ஊட்டுகிறாள். கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்க 2013-ல் சட்டம் போட்ட நாடு இது. சாக்கடையில் இருந்தால்தான் அதற்குப் பெயர் மலம். விரிப்பில் இருந்தால் ‘சேவை’. அந்த வேலைக்கு எந்தத் தெருவிலிருந்து ஆள் எடுப்பது என்பதில் மட்டும் உங்கள் பிளானிங் பிசகியதே இல்லை.

சரி, நீரூற்றும் தியேட்டரும் யாருக்கு? கட்டிலில் கிடப்பவருக்கு இல்லை. பணம் கட்டுகிறவர் கண்ணுக்கு. ஆகவே மகன்களே, மகள்களே, இல்லம் பார்க்கப் போனால் வரவேற்பறையில் தெளித்த லாவெண்டரை விட்டுவிட்டுச் சலவைக்கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு விரிப்பை எடுத்து மோந்து பாருங்கள். “அங்கெல்லாம் வேணாம் சார்” என்று மேனேஜர் மறித்தால் அட்வான்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

திரும்பமாட்டீர்கள். திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறது, ராத்திரி ஃப்ளைட். அது மேனேஜருக்கும் தெரியும். மாடிப்படிக்கு அடியில் அந்த அறையை அளந்து வரைந்தவருக்கு உங்கள் அவசரத்தின் நீள அகலம் அத்துப்படி.