பழைய காதலுக்கும் ஒரு படிவம் வேண்டும்

பெறுநர்: மத்திய உள்துறை அமைச்சகம், புதுதில்லி.

ஐயா,

484 பிரிவுகள் கொண்ட குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை 531 பிரிவுகளாக வளர்த்து, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று பெயர் சூட்டி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தீர்கள். கொலையுண்டவர் விசாரணை அதிகாரியின் முன்னாள் காதலி என்றால் அதை அவர் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இத்தனை பிரிவுகளில் ஒரு வரி இல்லை. காக்கி உடுத்தியவருக்கு மனசே கிடையாது என்ற உங்கள் நம்பிக்கை மெய்சிலிர்க்க வைக்கிறது. நீதிபதிக்கு மட்டும் மனசு உண்டுபோலும். தனக்குச் சம்பந்தமுள்ள வழக்கை அவர் விசாரிக்கக் கூடாதென்று அதே சட்டம் தடுக்கிறது. தேர்தல் வந்தால் இன்ஸ்பெக்டருக்கும் மனசு முளைத்துவிடுகிறது. சொந்த மாவட்டத்தில் இருப்பவரைத் தேர்தல் ஆணையம் மூட்டை கட்ட வைக்கிறது. ஓட்டைக் கெடுக்கும் பாசம் கொலை வழக்கைக் கெடுக்காதா?

பெண் கொலையானால் முதல் சந்தேகம் கணவன்மேல் விழும். கிராமத்து ஸ்டேஷனில் விசாரிக்க வந்தவர் அவளைக் காதலித்துத் தோற்றவர் என்றால், எஃப்.ஐ.ஆர். போடும் முன்பே அந்தக் கணவன் அவர் மனசில் ஏ-1. பிரேத விசாரணைக்கு எந்தப் பஞ்சாயத்தாரை உட்கார வைப்பது, வாசலில் கிடந்த செருப்பைப் பார்வை மகஜரில் சேர்ப்பதா விடுவதா, பக்கத்து வீட்டுக் கிழவி சொன்னதை எழுதுவதா வேண்டாமா, எல்லாம் அவர் பேனாவில் இருக்கிறது.

ஊரெல்லாம் சொந்தபந்தம், இப்படிப் பார்த்தால் விசாரிக்க ஆளே கிடைக்காது என்பீர்கள். எஸ்.பி. ஒரு கையெழுத்துப் போட்டால் பக்கத்து ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் சாயங்காலமே வந்துவிடுவார், ஜீப்பில் டீசல் இருந்தால். அவளை அறிந்தவர்தானே துப்புத் துலக்க முடியும் என்றால், அறிந்தவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுங்கள். முகேஷ் சிங் வழக்கை நீட்டுவீர்கள்: புகார் கொடுத்த அதிகாரியே விசாரித்தாலும் அதனாலேயே வழக்கு கெட்டுவிடாது, பாரபட்சத்தை வழக்குக்கு வழக்கு பார்க்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது. பார்க்கலாம், எதை வைத்து? கேஸ் டைரியைக் கேட்டு வாங்கக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு உரிமையில்லை. காதல் கடிதங்களோ அதிகாரி வீட்டு பீரோவில்.

காதல் அந்தரங்கம் என்பீர்கள். அரசு ஊழியர் மனை வாங்கினால் மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிற நாட்டில், இதற்கு மட்டும் என்ன கூச்சம்? கதை வேண்டாம், ஆம், இல்லை என்று மூடிய உறையில் எஸ்.பி.க்கு ஒரு தாள் போதும். பொய் எழுதுவாரே என்றால், எழுதட்டும். பிறகு குறுக்கு விசாரணையில் காட்ட அந்தத் தாளாவது மிஞ்சும்.

இப்படிக்கு,
ஒரு குடிமகன்