அல்வாக் குறிப்பும் ஓரத்து இடைச்செருகல்களும்: ஓர் ஆய்வு

திருநெல்வேலி அல்வாவின் செய்முறை, பலர் கூடி எழுதிய தொழில்நுட்ப நூல். ஆய்வுலகம் இதை இன்னும் கண்டுகொள்ளவில்லை. இங்கே எடுத்துக்கொண்ட மூலப்படி எங்கள் வீட்டு நாற்பது பக்க நோட்டு. நூலாசிரியர் ஆச்சி. உரையாசிரியர்கள், அதன்பின் அந்த அடுக்களைக்குள் எட்டிப் பார்த்த அத்தனை பேரும்.

மூலம் சுருக்கமானது. சம்பா கோதுமையை ஊறப்போட்டு, ஆட்டி, பால் பிழிந்து, தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, சீனியும் நெய்யும் சேர்த்துக் கைவிடாமல் கிண்டி, "பதம் வந்ததும் இறக்கவும்." எந்தப் பதம்? ஆச்சி சொல்லவில்லை. தொல்காப்பியருக்கே உரை வேண்டியிருந்ததே!

முதல் உரை பென்சிலில், பெரிய அத்தை எழுதியது: "நெய் கக்கி, ஒட்டாம சுருண்டு வரணும்." இதுவரை மூலத்துக்கு லாபம். அடுத்தது நீல மையில், மாமாவின் கைங்கரியம்: "தாமிரபரணித் தண்ணி இல்லாட்டி வராது." மாமா துடுப்பைத் தொட்டவரல்லர். பாபநாசத்துத் தண்ணியா, சிற்றாறு வந்து கலந்தபின் சீவலப்பேரித் தண்ணியா என்றும் வரையறுக்கவில்லை. அதன் கீழ் சிவப்பு மையில் மைனி: "மெட்ராஸ் தண்ணியில செஞ்சேன், வந்துச்சு." மறுபடி நீலம்: "அது அல்வாவா?" இந்த வாதம் நாலு ஓரத்தையும் சுற்றி வந்து, கடைசியில் சீனி அளவு இருந்த வரிமேலேயே ஏறிவிட்டது. கோதுமை ஒரு பங்குக்குச் சீனி இரண்டா மூன்றா என்பது இன்று பாடபேத ஆராய்ச்சிக்குரியது.

இந்தச் சீமைக்கு இது புதிதல்ல. 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்த உ.வே.சா., ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் அலைந்தவர். உரைக்குள் புதைந்த மூலத்தைப் பிரித்தெடுப்பதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. வண்ணார்பேட்டை வட்டத்தொட்டியில் வீற்றிருந்த ரசிகமணி டி.கே.சி.யோ, கம்பன் வாக்கல்ல என்று பட்ட பாட்டுகளைத் தயங்காமல் தள்ளினார். அவர் வழியில் போனால் நோட்டில் மாமா ஒரு வரிகூட மிஞ்சமாட்டார். குடும்ப அமைதி கருதி அவரை அனுபந்தத்துக்கு மாற்றியிருக்கிறேன்.

தீர்ப்பு இது: துடுப்புப் பிடித்த கை எழுதிய குறிப்பு நிற்கும், மற்றவை தள்ளுபடி. ஆட்சேபம் உள்ளவர்கள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்து கிண்டிக் காட்டலாம். நெய் அவரவர் கொண்டுவர வேண்டும்.