கோல் கீப்பருக்கு வெயிட்டிங் சார்ஜ் உண்டா?

விளையாட்டுத் திடல்களின் வரவு செலவைப் பார்க்கும் அதிகாரி ஐயா அவர்களுக்கு,

வியாசர்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு ஆட்டோக்காரன் எழுதிக்கொள்வது. 2024 அக்டோபர் கடைசியில், ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்து ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று சென்னை மாநகராட்சி தீர்மானம் போட்டது. ஊர் சத்தம் போட்டதும் உடனே வாபஸ். அவசரப்பட்டுவிட்டீர்கள் ஐயா. அந்த யோசனையை ஒருத்தர்கூட வாயாரப் பாராட்டவில்லையே என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

மீட்டர் பார்த்துப் பிழைப்பவன் என்பதால் எனக்கு அதன் அருமை புரிகிறது. இருபத்திரண்டு பேருக்கு மணிக்கு 2,640 ரூபாய். முழு ஆட்டம் ஒன்றரை மணி நேரம், 3,960. இடைவேளையில் எலுமிச்சம்பழம் சப்புகிற பதினைந்து நிமிடத்துக்கும் மீட்டர் ஓடுமா? கோல் கீப்பர் பாதி நேரம் சும்மாதானே நிற்கிறான், அவனுக்கு வெயிட்டிங் சார்ஜ் மட்டும் போட்டால் போதாதா? தீர்மானத்தை இன்னொரு முறை கொண்டுவருவதாக இருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். என் மூத்தவன் பிளஸ் டூ. சாயங்காலம் ஐந்து மணிக்குத் திடலுக்குப் போகிறவன், ஏழரைக்கு முட்டியில் சிராய்ப்போடு வந்து, சோற்றைத் தின்றுவிட்டு, பொருளியல் புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்தபடியே தூங்கிவிடுகிறான். அவனைப் போல நாற்பது பையன்கள். இதனால் எங்கள் தெருமுனையில் பொட்டலம் விற்கும் அண்ணனுக்கு அந்த இரண்டரை மணி நேரம் ஈ ஓட்டுகிற பிழைப்பு. 120 ரூபாய் வந்திருந்தால் அவர் குடும்பம் தலையெடுத்திருக்கும். டாஸ்மாக்கையும் சொல்லவேண்டும். பகல் பன்னிரண்டிலிருந்து இரவு பத்து வரை வாசலில் எவ்வளவு நேரம் நின்றாலும் நிற்பதற்குக் காசு கிடையாது. இளைஞர்களிடம் இவ்வளவு பரிவு காட்டும் பொது இடம் வேறு எது?

கேரம் இருக்கிறதே என்பீர்கள். போன மாதம் தெருவிளக்கின் கீழே நாலு பையன்கள் ஆடிக்கொண்டிருந்தபோது ரோந்து வண்டி வந்து நின்றது. பலகையில் கிடந்த வெள்ளைப் பவுடரைத் தொட்டு முகர்ந்து பார்த்தார் ஒருவர். "போரிக் பவுடர் சார்" என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. கும்பல் கூடியதற்காகப் பலகை வண்டியில் ஏறியது. சின்னவன் இன்னும் ஸ்ட்ரைக்கரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறான். இந்த ஊர் மரிய இருதயம் இரண்டு முறை கேரம் உலகச் சாம்பியன் ஆனவர், 1996இல் அர்ஜுனா விருது வாங்கியவர். 2024இல் அமெரிக்காவில் கேரமில் மூன்று தங்கம் ஜெயித்த காசிமாவின் அப்பா என்னைப் போல ஆட்டோக்காரர். இப்படிப்பட்டவர்கள் முளைத்த இடத்தில் எச்சரிக்கையாக இருப்பது நல்லதுதான்.

பையன்களைத் திருத்த நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். போதைப்பொருள் ஒழிப்பு உறுதிமொழி பள்ளிக்கூடத்தில் எடுத்தார்கள். வலது கையை நீட்டி நின்றதில் தோள்பட்டை வலிப்பதாக மூத்தவன் சொன்னான். கால் மட்டும் நன்றாக இருக்கிறதாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள ஆட்டோக்காரன்

பி.கு.: எங்கள் பக்கத்துத் திடல் ஒன்றைப் பராமரிப்பு என்று பூட்டியிருக்கிறார்கள். சாவி யாரிடம் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. பையன்களின் பந்து மூன்று நாளாக உள்ளே கிடக்கிறது. சுவர் ஏறி எடுத்துவர இரண்டு நிமிடம் ஆகும். தங்கள் பழைய கணக்குப்படி நாலு ரூபாய். சில்லறையாகவே வைத்திருக்கிறேன், யாரிடம் கட்டுவது?