இறக்கும் முன் இழுங்கள்!

கேள்வி: பதினைந்து வருஷத்துப் பழைய ஆட்டோமேட்டிக் கார். காலையில் ‘டி’ போட்டால் இரண்டு மூன்று நொடி யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது. கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கட்டுமா?
– வாசகர், கோவை

பதில்: கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் அதன் ஆயில் டிப்ஸ்டிக்கை இழுக்கச் சொல்லுங்கள்! ஆயில் குறைந்தாலே பிரஷர் ஏறத் தாமதமாகும். வண்டியும் தாமதமாகத்தான் கிளம்பும். வண்டி சூடானபின் சமதளத்தில் பாருங்கள். பல கார்களில் இன்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும். ஹோண்டாவில் அணைத்த கையோடு. கையேடு சொல்வதே சட்டம். டிப்ஸ்டிக்கே இல்லையா? அடியில் உள்ள பிளக்கைக் கழற்றித்தான் அளவு பார்க்க முடியும்.

ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விடுங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் கருகியிருக்கின்றன. ஸ்ட்ராபெர்ரி மில்க் ஷேக் மாதிரி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்துவிட்டது. அப்புறம் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

ஆயில் சரியாக இருந்தும் காலையில் மட்டும் தாமதமா? ரப்பர் சீல்கள் இறுகியிருக்கலாம். ஓடும்போது ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது. வெறும் குலுக்கல் என்றால் இன்ஜின் மவுன்ட்டையும் பாருங்கள். கியர்பாக்ஸ் பாவம், அடுத்தவர் பழியைச் சுமக்கிறது! ஸ்கேனரில் பி0700 என்ற கோளாறு எண் வந்தால் மிரளாதீர்கள். ‘டிரான்ஸ்மிஷன் கம்ப்யூட்டரில் கோளாறு பதிவாகியிருக்கிறது’ என்ற தகவல் மட்டுமே அது. எந்த சோலினாய்டு, எந்த சென்சார் என்பதை அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள கோளாறு எண் சொல்லும். அதைப் படித்துக் காட்டும் மெக்கானிக்கிடம் மட்டும் சாவியைக் கொடுங்கள்.