திறமூலத் திணையியல்

பாயிரம் இல்லாமல் நூல் தொடங்குவது மரபன்று. ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நுதலிய பொருள்: தனி ஒருவர், தம் சொந்தப் பொழுதில், தமக்காக எழுதிய மென்பொருளை ஊருக்குத் திறந்துவிடுவதா, தம்மிடமே வைத்துக்கொள்வதா என்று தடுமாறும் ஒழுக்கம். கேட்போர்: அவ்வாறு தடுமாறுவோர். பயன்: தடுமாற்றம் தீராது, ஆனால் அதற்கு ஒரு பெயர் கிடைக்கும்.

நிரலுக்கு அகத்திணை பொருந்துமோ எனின், பொருந்தும். சான்று தொல்லிலக்கணத்தில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் தன் இரண்டாம் பிரிவில், இலக்கியப் படைப்பு எது என்று விளக்கும் இடத்தில், கணினி நிரலையும் சேர்த்திருக்கிறது. நாடாளுமன்றமே இலக்கியம் என்று சொல்லிவிட்டபின் திணையும் துறையும் வகுக்கக் கூடாது என்று தடுப்பார் யார்?

திறப்பும் அடைப்பும் திகைப்பும் எனவாங்கு
முப்பாற் பட்டது மூலநிரல் ஒழுக்கே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், மென்பொருள் எழுதுவோர் மூவகையர் என்பது உணர்த்துதல் நுதலிற்று. திறப்போர் யாரையும் கேட்காமல் திறந்துவிடுவர். அவர்க்கு இலக்கணம் வேண்டா. அடைப்போர் விற்கப் போகிறவர். அவர்க்கு வக்கீல் போதும். திகைப்போர்க்கே இந்நூல்.

இனி, 'கிட்ஹப்பில் எல்லாரும் பார்க்கும்படி வைத்துவிட்டேன், உரிமம் மட்டும் எதுவும் போடவில்லை, நான் எவ்வகை?' என்று கேட்பாரும் உளர். அவர் திறந்தோர் என்று தம்மை எண்ணிக்கொண்ட அடைப்போர். உரிமம் இல்லாத நிரலைப் பிறர் பார்க்கலாம், எடுத்தாள முடியாது. நம் சட்டப்படி பதிப்புரிமை எழுதியவரின் ஆயுளுக்கும் அதற்குமேல் 60 ஆண்டுகளுக்கும் செல்லும். முப்பது வயதில் எழுதியவர் எண்பது வரை இருந்தால், அந்த நிரல் ஏறக்குறைய 110 ஆண்டுகள் பூட்டிக் கிடக்கும். பூட்டியவருக்கே தாம் பூட்டியது தெரியாது என்பது இவ்வகையின் சிறப்பு.

பிரைவேட் ரிப்போவில் இருப்பது களவு; பொதுவில் வைத்தபின் வருவது கற்பு. களவு இரவு பதினொன்றுக்கு மேல் நடப்பது, வீட்டார் அறியார். திரையை எட்டிப் பார்த்துவிட்டு 'சும்மா வெச்சிருக்கியே, கிட்ஹப்ல போட்டு விடுடா' என்று நச்சரிக்கும் சக ஊழியரே தோழி. அவர் செய்வது வரைவு கடாதல். இற்செறிப்பு செய்வோர், வேலை தரும் நிறுவனத்தார். பணியின் போக்கில் எழுதிய படைப்புக்கு, மாறான ஒப்பந்தம் இல்லையென்றால், முதலாளியே முதல் உரிமையாளர் என்று அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. சில ஒப்பந்தங்கள் இன்னும் ஒரு படி மேலே போய் ஞாயிற்றுக்கிழமை எழுதியதையும் கேட்கும். எனவே திகைப்போர் முதலில் படிக்கவேண்டியது ஜிபிஎல் உரிமமோ எம்ஐடி உரிமமோ அல்ல. வேலையில் சேர்ந்த அன்று படிக்காமல் கையெழுத்துப் போட்ட அந்தத் தாள்.

துடைத்தபின் தருவல் என்னும் சொல்லே
முல்லை ஆகும் முடிவிலை அதற்கே.

இருத்தல் முல்லைக்கு உரிப்பொருள். 'கொஞ்சம் கிளீன் பண்ணிட்டுப் போடறேன்' என்று சொல்லி இருத்தல் இந்நூலின் முல்லை. கார்காலம் வரும், போகும், கிளீன் ஆகாது.

இதற்கு உதாரணம் சென்னையிலேயே உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் செயலாளராக மாட்டிக்கொண்ட நண்பர், தண்ணீர் லாரிக் கணக்குக்காகப் பைத்தானில் ஒரு நிரல் எழுதினார். எத்தனை லாரி வந்தது, எந்த வீட்டில் எத்தனை பேர், எந்த வீடு பூட்டிக் கிடந்தது என்று கொடுத்தால், வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து, வாட்ஸப் குழுவில் அப்படியே ஒட்டும்படி எழுதித் தரும். பக்கத்துக் குடியிருப்பிலும் கேட்டார்கள். 'கிளீன் பண்ணிட்டுத் தரேன்' என்றார். என்னதான் அழுக்கு என்று நான் கேட்கப்போக, மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார்.

பிரி, பிரி_புதுசு, பிரி_புதுசு_2, பிரி_கடைசி என்று நான்கு செயற்கூறுகள். ஓடுவது பிரி_புதுசு_2. கடைசி என்ற பெயருடையது எங்கிருந்தும் அழைக்கப்படவில்லை. ஓரிடத்தில் 4பி வீட்டுக்கு மட்டும் ஆளெண்ணிக்கையில் ஒன்று கூட்டப்பட்டிருந்தது. அதன் மேல் குறிப்பு: 'இவர் எப்பவும் ஒரு ஆளைக் குறைச்சுத்தான் சொல்வார்.' சற்றுக் கீழே குடியிருப்புச் சங்கத்தின் மின்னஞ்சல் கடவுச்சொல் இருந்த இடம். அந்த வரியை அவர் முன்பே நீக்கியிருந்தார். நீக்கியதற்கு எழுதிய கமிட் செய்தி 'பாஸ்வேர்ட் எடுத்தாச்சு'. கிட் எதையும் மறப்பதில்லை. பழைய கமிட்டைத் திறந்தால் கடவுச்சொல் அப்படியே இருக்கும். புதையல் எந்தக் கமிட்டில் என்று தேட வேண்டிய சிரமமும் திருடனுக்கு இல்லை, அவரே பெயர்ப்பலகை வைத்துவிட்டார்.

இதனால் பெறப்படுவது: அழுக்கு மூவகைத்து. பார்த்தால் வெட்கம் தருவது, வெளிப்பட்டால் ஆபத்துத் தருவது, பிறரைப் பற்றியது. இவற்றுள் துடைத்தே ஆகவேண்டியவை பின்னிரண்டு மட்டுமே. கடவுச்சொல்லை நீக்கினால் போதாது, மாற்ற வேண்டும். பழைய வரலாறு தேவையில்லை என்றால் அதை விட்டுவிட்டுப் புது ரிப்போவில் ஒரே கமிட்டாகத் தொடங்குவது நலம். ஆனால் முதல்வகை அழுக்குக்கு மாதக்கணக்கில் மெனக்கெடுவோர் மற்ற இரண்டையும் மறந்தே போகிறார்கள். பிரி_கடைசி என்ற பெயரைப் பார்த்து யாரும் சிரிக்கப் போவதில்லை. எல்லார் வீட்டிலும் ஒரு பிரி_கடைசி இருக்கிறது.

முல்லையில் இருப்போர்க்கு மாற்று உதாரணம் வேண்டின், லினஸ் டோர்வால்ட்ஸ். 1991 செப்டம்பரில் அவர் லினக்ஸை வெளியிட்டபோது அதன் பதிப்பு எண் 0.01. துடைக்கவில்லை, தந்துவிட்டார். உரிமத்தையும் அப்போதே சரியாக எழுதிவிடவில்லை. முதல் உரிமம் காசு வாங்கி விநியோகிக்கக் கூடாது என்றது. 1992-இல்தான் ஜிபிஎல்லுக்கு மாறினார். இதில் திகைப்போர்க்கு ஒரு செய்தி உண்டு: நிரல் முழுதும் உங்களுடையதாக இருக்கும்வரை உரிமத்தைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். முன்பு கொடுத்த படியைத் திரும்ப வாங்க முடியாது, அவ்வளவுதான். பிறர் எழுதிய பகுதிகள் கலந்த பிறகோ, ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துச் சம்மதம் கேட்க வேண்டும்.

குறிஞ்சியை விரிக்கவில்லை, எழுதிய இரவே திறந்துவிடுவோர்க்கு உரியது அது, அவர்க்கு இலக்கணம் வேண்டா என்று முன்னமே சொல்லப்பட்டது.

கைக்கிளை என்பது திறந்தபின் யாரும் வராமை. 'கூட்டம் கூடிவிட்டால் என்ன செய்வது?' என்று அஞ்சித் திறக்காதோர் கவனிக்க: தனியாட்கள் திறந்துவைத்த ரிப்போக்களில் மிகப் பெரும்பாலானவை இத்திணையவே. ஒரு நட்சத்திரம் விழும். அதுவும் தோழி போட்டது. இது இழிந்த திணை என்பர் சிலர். நான் உடன்படேன். யாரும் தொந்தரவு செய்யாத திறமூலம் ஒரு பேறு.

பெருந்திணை அதற்கு நேர் எதிர். பொருந்தாக் காமம், இங்கே பொருந்தாப் புகழ். லெஃப்ட்-பேட் என்பது 11 வரி ஜாவாஸ்கிரிப்ட். ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் சேர்த்து நீளத்தைச் சரிசெய்யும், வேறொன்றும் செய்யாது. 2016 மார்ச்சில், வேறொரு பொதியின் பெயர் பற்றிய தகராறில் மனம் வெறுத்த ஆசிரியர் தம் பொதிகள் அனைத்தையும் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அந்த 11 வரியை நேராகவும் சுற்றிவளைத்தும் நம்பியிருந்த எண்ணற்ற திட்டங்கள் உலகெங்கும் கட்டமுடியாமல் நின்றன. சில மணி நேரத்துக்குள் களஞ்சியத்தாரே அதைத் திரும்ப வைத்தனர். எழுதியவர் எடுத்தாலும் எடுபடாத நிலையை அந்த 11 வரி எய்திவிட்டது.

நிரலே ஈந்தோன் நேரமும் ஈந்தோன்
ஆகான் என்மனார் அறிந்திசி னோரே.

இந்நூலின் உயிர் இச்சூத்திரம். திகைப்போர் பலரும் திகைப்பது நிரலைக் கொடுக்கவா என்று அன்று. கொடுத்தபின் வரும் முகமறியா மனிதர்களுக்குத் தம் மாலைப்பொழுதையும் கொடுக்க வேண்டியிருக்குமே என்றுதான். இவை இரண்டு கொடைகள். உரிமம் முதற்கொடையைப் பற்றி மட்டும் பேசும். எம்ஐடி உரிமம் எடுத்துக்கொள், என் பெயரை மட்டும் விட்டுவை, கெட்டுப்போனால் நான் பொறுப்பல்ல என்று முடிந்துவிடும். இஷ்யூவுக்குப் பதில் எழுதுவேன் என்று எந்த உரிமத்திலும் ஒரு வரி கிடையாது.

இரண்டையும் பிரித்து வைத்தவர் உளரோ எனின், உளர். எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தளம் 2000-இல் தோன்றியது. இன்று ஏறக்குறைய எல்லாக் கைபேசியிலும் இருக்கிறது. நிரல் பொதுவுடைமை, யாரும் எதற்கும் எடுக்கலாம். ஆனால் வெளியார் எழுதியனுப்பும் திருத்தங்களை அவர்கள் பொதுவாகச் சேர்ப்பதில்லை. கதவு திறந்திருக்கிறது; சமையலறைக்குள் மட்டும் யாரும் வரவேண்டாம். டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதிய டொனால்ட் க்னூத் இன்னும் அழகாகச் செய்தார். பிழை கண்டுபிடித்தோர்க்குக் காசோலை அனுப்பினார். புது வசதி கேட்டோர்க்கு, இது முடிந்த நூல் என்றார். பதிப்பு எண் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பை என்னும் எண்ணை ஓர் இலக்கம் நெருங்குகிறது. தம் மறைவுக்குப் பின் அதைப் பை என்றே நிறுத்திவிட வேண்டும், அப்போது எஞ்சிய பிழைகள் எல்லாம் இயல்புகள் என்று சொல்லிவைத்திருக்கிறார்.

பிரிக்காதோர் நெய்தலிலும் பாலையிலும் படுவர். நெய்தல் இரங்கல். கர்ல் என்னும் கருவியை எழுதிய டேனியல் ஸ்டென்பெர்குக்குக் கார் வைத்திருப்போர் மின்னஞ்சல் எழுதுகிறார்கள். காரின் திரையில் ஓடும் மென்பொருளுக்குள் கர்ல் இருக்கிறது. உரிமக் குறிப்பில் அவர் முகவரி இருக்கிறது. திரை உறைந்துபோனவருக்குக் கண்ணில் பட்ட ஒரே மனிதப் பெயர் அவருடையது.

பாலை பிரிதல்: சலித்துப்போய் வேறொருவரிடம் ஒப்படைத்து நீங்குதல். அறிவுடைய செயல்தான், கையேற்பவர் யாரென்று தெரிந்தால். ஈவென்ட்-ஸ்ட்ரீம் பொதியைத் தாம் பயன்படுத்துவதை நிறுத்திவிட்ட ஆசிரியர், பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்த அந்நியரிடம் கொடுத்தார். அந்த அந்நியர் பிட்காயின் திருடும் நிரலை உள்ளே நுழைத்தது 2018-இல் வெளிவந்தது. எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்கக் கருவியின் கதை இன்னும் நீளம். தனியாளாய்ப் பல்லாண்டு அதைப் பேணியவரிடம், ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளைச் சேர்த்துக்கொள் என்று முகமில்லாப் பெயர்கள் வரிசையாக நெருக்கின. இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் சொல்லிப் பார்த்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாய் உதவி செய்துகொண்டே இருந்தார். ஈராண்டுக்கு மேல் நம்பிக்கை சேர்த்தபின் ஒரு கள்ளக்கதவை வைத்தார். 2024 மார்ச்சில், எஸ்எஸ்எச் நுழைவு அரைவினாடி கூடுதலாக எடுக்கிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்னும் பொறியாளர் துருவப்போய் அது பிடிபட்டது. அரைவினாடியை ஒருவர் பொறுத்துக்கொண்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதற்கு இலக்கணத்தில் இடமில்லை.

என் தீர்ப்பு: திறந்துவிடுக, ரீட்மியின் முதல் வரியிலேயே எது தரப்படவில்லை என்று எழுதிவிடுக. 'எனக்காக எழுதியது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், கேள்விகளுக்குப் பதில் வராது' என்பது முரட்டுத்தனம் அல்ல. பதில் வரும் என்று நம்பவைத்து ஆறு மாதம் காக்கவைப்பதே முரட்டுத்தனம்.

மருதம் ஊடல்; காசு நுழைந்தபின் வருவது. ரெடிஸ் என்னும் தரவுத்தளம் 2009-இல் சால்வதோரே சான்ஃபிலிப்போ தம் தேவைக்கு எழுதித் தாராள உரிமத்தில் திறந்தது. பின்னால் அது ஒரு நிறுவனத்தின் கைக்கு வந்தது. பெரிய மேகக்கணிமைக் கம்பெனிகள் அதை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கின்றன என்று ஊடி, 2024 மார்ச்சில் நிறுவனம் உரிமத்தை இறுக்கியது. சில நாளில் வால்கீ என்ற பெயரில் நிரல் உடன்போக்கு மேற்கொண்டது. 2025 மே மாதம் ஏஜிபிஎல் உரிமத்தோடு ஊடல் தணிந்தது, போனது திரும்பவில்லை. தண்ணீர் லாரிக் கணக்கு எழுதியவருக்கு இது தேவையா எனின், தேவையில்லை. ஆயினும் அவரே இதைப் பற்றித்தான் அதிக நேரம் கவலைப்பட்டார்.

சொந்தமாக உரிமம் எழுதுவோர் இதன் துறை. டக்ளஸ் க்ராக்ஃபோர்ட் தம் ஜேசன் நிரலின் உரிமத்தில், இதை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு ஆகாது என்று ஒரு வரி சேர்த்தார். ஐபிஎம் வழக்கறிஞர்கள், எங்கள் வாடிக்கையாளர் தீமை செய்யமாட்டார் என்று எங்களால் உறுதிதர முடியாது என்று தனி அனுமதி கேட்டு வாங்கிச் சென்றதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே எம்ஐடி அல்லது ஜிபிஎல். திருத்தியதை விநியோகிப்பவன் மூலநிரலையும் தந்தாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் பின்னது, இல்லையேல் முன்னது. ஐந்து நிமிட வேலை.

கூறாது ஒழிந்தன உளவே எனினும்
ஃபோர்க்கின் பாற்படுத்து உணர்ந்தனர் கொளலே.

இது புறனடை. மொழிமாதிரிகள் என் நிரலை விழுங்கிவிடுமே என்போர்க்கு விடை இதனுள் அடங்காது. அது குறித்து 2022 நவம்பரிலேயே கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்துவிட்டார்கள், அங்கே கண்டுகொள்க.

நண்பர் கடைசியில் திறந்தார். புது ரிப்போ, ஒரே கமிட், எம்ஐடி, கடவுச்சொல் மாற்றியாயிற்று. 4பி பற்றிய குறிப்பையும் நீக்கினார். கூட்டலை நீக்க மறந்துவிட்டார். முதல் இஷ்யூவைப் போட்டது 4பி வீட்டுப் பையன், பொறியியல் கல்லூரி மூன்றாம் ஆண்டு: 'அங்கிள், 212-ஆம் வரியில் எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் ப்ளஸ் ஒன்?' கூடவே ஒரு புல் ரிக்வெஸ்ட். அது இன்னும் மெர்ஜ் ஆகவில்லை. அந்த வீட்டில் உண்மையில் எத்தனை பேர் என்பது சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.